கூட்ஸ் ஷெட் கூரைமேல் நின்ற வெளிச்சம்

மகனே,

இதை உன் கையிலேயே கொடுத்திருக்கலாம். நீ அடுத்த அறையில் டெலஸ்கோப்பின் கண்ணாடிகளை என் பழைய வேட்டித் துணியில் சுற்றிக்கொண்டிருக்கிறாய். நடுவில் இருப்பது ஒரு கதவு, அதுவும் திறந்துதான் கிடக்கிறது. ஆனால் கையில் கொடுத்தால் படித்துவிட்டு நீ என் முகத்தைப் பார்ப்பாய். பத்திரிகைக்கு அனுப்பினால் அந்தச் சங்கடம் இரண்டு பேருக்கும் இல்லை. இது அச்சாகி, தெற்கே மலைமேல் நீ வேலைக்குச் சேரப்போகிற வானாராய்ச்சி நிலையத்துக்கு வந்து சேருவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். நீ நாளைச் சாயங்காலம் ஆவடியை விட்டுக் கிளம்புகிறாய். மறுநாள் காலையில் சென்னீர்குப்பத்துப் பெண்ணுக்கும் வேப்பம்பட்டுப் பையன் ஒருவனுக்கும் கல்யாணம். அந்தப் பெண் நம் வீட்டுக்கு வந்திருக்க வேண்டியவள். வராமல் போனதில் எனக்கு இருக்கிற பங்கை எழுதி வைத்துவிட வேண்டும் என்று தோன்றுகிறது. அவள் பெயரை எழுதப்போவதில்லை. இன்னொருவன் மனைவியாகப் போகிறவளின் பெயரைப் பத்திரிகையில் போடுகிற அளவுக்கு நான் இன்னும் முன்னேறவில்லை.

பெண் பார்க்கப் போன நாளை நீ மறந்திருக்கமாட்டாய். டெலஸ்கோப்பையும் எடுத்து வரச் சொன்னவர் பெண்ணின் தகப்பனார்தான். "மாப்ள இன்னாமோ குழாய் வச்சிகினு வானத்தப் பாத்துகினே கீறாராமே. அதையும் எடுத்தாந்துடுங்க அண்ணாத்தே, நாங்களும் பாத்துடறோம்" என்று ஆள் மூலம் சொல்லி அனுப்பியிருந்தார். மாப்பிள்ளைக்குக் குடி, சீட்டு ஏதாவது உண்டா என்று விசாரிப்பது வழக்கம். இது அதைவிடச் செலவுள்ள பழக்கமா என்று பார்த்துக்கொள்ள நினைத்திருப்பார். காலை வெயிலில் நட்சத்திரத்துக்கு எங்கே போவது? நீ சூரியனைக் காட்டினாய். குழாய் வழியாக யாரும் கண்ணை வைத்துச் சூரியனைப் பார்க்கக்கூடாது, பார்த்தால் பார்வை போய்விடும் என்று முதலில் எச்சரித்தாய். பிறகு குழாய்க்குப் பின்னால் ஒரு வெள்ளைக் காகிதத்தைப் பிடித்தாய். காகிதத்தில் ஒரு ரூபாய்க் காசளவு சூரியன் வந்து உட்கார்ந்தது. அதன் மேல் நாலைந்து கறுப்புப் புள்ளிகள் இருந்தன. வீட்டு ஆண்கள் எல்லாரும் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார்கள். அப்போது கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. "சூரியனுக்கு அம்மை போட்டு கீதா?"

உள்ளே யாரோ அவளை அதட்டினார்கள். நீ அதட்டவில்லை. வகுப்பில் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வதுபோல, அவை சூரியனின் மேற்பரப்பில் சூடு குறைந்த இடங்கள், ஒவ்வொன்றும் இந்தப் பூமியையே போட்டு மூடுகிற அளவு, சூரியன் தன்னைத்தானே சுற்றும்போது அவையும் சுற்றும், ஒரு சுற்றுக்குக் கிட்டத்தட்ட ஒரு மாசம் ஆகும் என்றெல்லாம் கதவைப் பார்த்துச் சொன்னாய். "அப்ப ஒரு மாசம் கழிச்சி வந்தா இதே புள்ளியக் காட்டுவீங்களா?" என்றது கதவு. "அதுவரைக்கும் அழியாம இருந்தா காட்டறேன்" என்றாய். எத்தனையோ பெண் பார்க்கும் வைபவங்களில் நான் காபி குடித்திருக்கிறேன். மாப்பிள்ளை அடுத்த வருகையை இவ்வளவு துணிச்சலாகக் குறித்து, அதற்கு நிபந்தனையும் போட்டதை அன்றுதான் பார்த்தேன். பூந்தமல்லிச் சாலையில் வண்டி திரும்பும் வரை நீ வாய் திறக்கவில்லை. அதன்பின் ஆவடி வரும் வரை வாயை மூடவில்லை. இந்தச் சம்பந்தம் முடிந்துவிட்டது என்றுதான் நான் நினைத்தேன். ஜாதகத்தை மறந்துவிட்டேன்.

இந்த இடத்தில் பத்திரிகை வாசகர்களுக்காக, உனக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்த ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டியிருக்கிறது. சூரியன் எல்லா ஊருக்கும் ஒரே நேரத்தில் உச்சிக்கு வருவதில்லை. கிழக்கே இருப்பவனுக்கு முந்தி வரும், மேற்கே இருப்பவனுக்குப் பிந்தி வரும். வடக்குத் தெற்காகப் பூமியின்மேல் கோடுகள் போட்டு அவற்றுக்குத் தீர்க்க ரேகை என்று பெயர் வைத்திருக்கிறார்கள். எந்த ரேகையில் நிற்கிறாயோ அதன் நேரம் உன் நேரம். வெகு காலம் நாட்டில் பாதி ரயில்கள் நம் சென்னப்பட்டணத்து ரேகையின் நேரத்துக்குத்தான் ஓடின. நீ பிறந்த காலத்தில் அரசாங்கத்துக்கு அந்த ரேகை அலுத்துப்போயிற்று. நமக்குத் தெரிந்தவர்கள் யாரும் வசிக்காத வேறொரு ரேகையைப் பிடித்து, இனிமேல் தேசம் முழுவதற்கும் இதுதான் நேரம் என்று சொல்லிவிட்டார்கள். படுக்கப் போகும்போது சரியாக இருந்த நாங்கள் காலையில் எழுந்தபோது ஒன்பது நிமிஷம் பின்தங்கியிருந்தோம். ரயில்வே உடனே மாறியது. ஊர் மாறவில்லை. ஆகவே ஆவடி ஸ்டேஷனில் குமாஸ்தாவாகவும், ஆள் குறைந்த நாளில் கொடி காட்டுகிறவனாகவும் இருந்த எனக்கு இரண்டு நேரங்கள் இருந்தன. ஆபீஸ் சுவரில் தொங்கிய கடிகாரம் புது நேரம் காட்டியது. என் சட்டைப் பையில் இருந்த கடிகாரத்தைப் பழைய நேரத்திலேயே விட்டு வைத்தேன், ஏனென்றால் வீடும் கோயிலும் பஞ்சாங்கமும் அந்த நேரத்தில்தான் நடந்தன. இரண்டையும் வைத்துக்கொண்டு நான் இரண்டு இடத்துக்கும் தாமதமாகப் போய்க்கொண்டிருந்தேன்.

அந்த மார்கழியில்தான் நீ பிறந்தாய். எங்கள் குவார்ட்டர்ஸ் கூட்ஸ் ஷெட்டுக்குப் பக்கத்தில் இருந்தது. விடியலிலிருந்து உன் அம்மா வலியில் இருந்தாள். விளக்கு வைக்கிற நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் மருத்துவச்சி வெளியே வந்து, "ரெண்டுல ஒரு உசுருதான் நிக்கும் போல கீது நைனா. எது நின்னா இன்னான்னு மனசத் தேத்திக்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். நான் கூட்ஸ் ஷெட் சுவரோரமாகப் போய் நின்றேன். அப்புறம் உன் அழுகுரல் கேட்டது. யாரோ மணி கேட்டார்கள். நான் ஒரு கடிகாரத்தைப் பார்த்து ஆறு இருபது என்றேன். எந்தக் கடிகாரம் என்பது எனக்கு நினைவில்லை. இரண்டு உயிரும் பிழைத்துவிட்ட பிறகு எந்தக் கடிகாரம் என்பதைக் கவனிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவும் இல்லை. ஆகவே உனக்கு என் முதல் அறிவுரை: உன் மனைவிக்குப் பிரசவமாகும் நாளில் கைவசம் ஒரு கடிகாரத்துக்குமேல் வைத்திராதே.

சென்னீர்குப்பத்துக்காரர் ஜோசியரை அழைத்துக்கொண்டு நம் வீட்டுக்கு வந்த அன்று நீ பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திக்கொண்டிருந்தாய். ஜோசியர் உன் ஜாதகத்தை வெயிலுக்கு நேராகப் பிடித்து, "பையன் லக்கினம் விளிம்புல நிக்குது" என்றார். லக்கினம் என்பது பிறந்த நிமிஷத்தில் கிழக்கு அடிவானத்தில் எழுந்துகொண்டிருந்த ராசி. ஆறு இருபது ரயில் மணி என்றால் மிதுனம் எழுந்துகொண்டிருந்தது, ஒரு தோஷமும் இல்லை. ஊர் மணி என்றால் அதற்குள் மிதுனம் முடிந்து கடகம் வந்துவிட்டது. கடகத்திலிருந்து எண்ணினால் செவ்வாய் எட்டாம் வீட்டில் உட்காருகிறது. அப்படி உட்கார்ந்தால் வருகிற பெண்ணின் ஆயுளுக்கு ஆகாது.

"எந்த மணி அண்ணாத்தே?" என்று பெண்ணின் தகப்பனார் கேட்டார். "எனக்கு இருக்கறது ஒரே பொண்ணு. ரயில் மணின்னு ஒரு வார்த்த சொல்லிடுங்க, இன்னிக்கே வெத்தல பாக்கு மாத்திக்கலாம்."

அவர் முகத்தில் கெட்ட எண்ணம் ஏதும் இல்லை. நான் பொய் சொன்னால்கூட நம்பத் தயாராகத்தான் வந்திருந்தார். எனக்குத்தான் அது வரவில்லை. "ஞாபகம் இல்லீங்களே" என்றேன். உள்ளேயிருந்து உன் அம்மா, "ரெண்டு கடியாரத்த வச்சிகினு ஒண்ணுகூட ஞாபகம் இல்லன்னா, இந்த மனுசன் அன்னிக்கு இன்னாதான் பாத்துகினு இருந்தாரு?" என்றாள். அந்தக் கேள்விக்கு மட்டும் என்னிடம் பதில் இருந்தது, அதை எல்லார் காதிலும் விழும்படி சொன்னேன். நிலாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உன் அழுகுரல் கேட்டபோது கூட்ஸ் ஷெட் கூரையின் முகட்டுக்கு நேர்மேலே நிலா, பெரிதாக, வட்டமாக, தட்டில் வைத்ததுபோல நின்றுகொண்டிருந்தது. இந்த இருபத்தைந்து வருஷத்தில் எத்தனையோ விஷயங்கள் எனக்கு மறந்துவிட்டன. அது மறக்கவில்லை.

சாயங்காலம் இதை உன்னிடம் சொன்னபோது நீ செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றாய். "நைனா, அது போதும். கடியாரமே வேணாம்" என்றாய். கூரை இன்னும் அங்கேயே இருக்கிறது. நான் நின்ற இடமும் இருக்கிறது. அந்த இடத்திலிருந்து கூரை முகடு அடிவானத்துக்கு மேலே எத்தனை டிகிரி என்று அளந்துவிட்டால், அன்று நிலா எப்போது அந்த உயரத்துக்கு வந்தது என்று கணக்குப் போட்டுவிடலாம், வானம்தான் கடிகாரம், அதற்கு ஒரே நேரம்தான் என்றாய். மறுநாள் காலை நாம் இரண்டு பேரும் ஸ்டேஷனுக்குப் போனோம். உன் கருவி எனக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகளின் கோணமானி, அதன் நடுவில் ஒரு நூல், நூல் முனையில் ஒரு ஈயக்குண்டு. கோணமானியின் நேர் விளிம்பு வழியாக முகட்டைக் குறிபார்க்க வேண்டும். நூல் தொங்கும் இடத்தில் கோணம் தெரியும். டெலஸ்கோப்பை ஏன் எடுத்து வரவில்லை என்று கேட்டேன். டெலஸ்கோப் பெரிதாக்கிக் காட்டும், எங்கே இருக்கிறது என்று சொல்லாது என்றாய். போர்ட்டர் ஒருவன் வந்து பார்த்துவிட்டு, "இன்னா மாமே, கூரை சாயுதா?" என்று என்னைக் கேட்டான். "கல்யாணம் சாயுது" என்றேன். அவன் புரிந்ததுபோலத் தலையாட்டிவிட்டுப் போனான்.

அதன்பின் நீ கப்பல்காரர்கள் வைத்துக்கொள்ளும் வானப் பஞ்சாங்கத்தின் பழைய பிரதி ஒன்றைப் பட்டணத்திலிருந்து வாங்கி வந்து, பள்ளிக்கூடம் போகாமல் கணக்குப் போட்டாய். வெள்ளைக்காரர்களுக்கும் பஞ்சாங்கம் உண்டு என்பதே எனக்குப் புதிது. ராகுகாலம் இல்லாமல் எப்படிக் கப்பல் விடுகிறார்கள் என்று தெரியவில்லை. நீ கணக்குப் போடுவதை நான் வாசற்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். செவ்வாயை நீ டெலஸ்கோப்பில் பார்த்தவன். அது துவரம்பருப்பு அளவுக்குச் சிவப்பாகத் தெரியும், அதற்கு நம் ஊர்க் கல்யாணங்களில் அக்கறை இல்லை என்று என்னிடமே எத்தனையோ முறை சொன்னவன். இந்த விவகாரம் தொடங்கியதிலிருந்து நீ அதை ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. அதிலிருந்துதான் அந்தப் பெண்ணை நீ எவ்வளவு விரும்பினாய் என்று எனக்குத் தெரிந்தது.

கணக்கு முடிந்ததும் நீ என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாய். "நைனா, அன்னிக்கு நிலா அங்க இல்ல" என்றாய்.

"எங்க போச்சு?"

"இன்னும் எழவே இல்ல. நீங்களே ஜாதகத்துல தேய்பிறைன்னு எழுதி வச்சிருக்கீங்க. அன்னிக்கு நிலா வர ராத்திரி சாப்பாட்டு நேரம் தாண்டியிருக்கும்."

உண்மைதான். உன் பிறந்த திதியை இத்தனை வருஷமாகக் கோயிலில் அர்ச்சனைக்குச் சொல்லி வருகிறவன் நான். தேய்பிறை என்றால் நிலா தாமதமாக வரும் என்பதும் தெரியும். இந்த இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. நம் ஊரில் பஞ்சாங்கம் தெரிந்தவர்கள் அநேகமாக வானத்தைப் பார்ப்பதில்லை. அது அவர்களுடைய வேலையைக் கெடுத்துவிடும்.

நீ விடவில்லை. அந்த மாலை அந்தத் திசையில் வியாழன் நன்றாகப் பிரகாசித்துக்கொண்டிருந்திருக்கும் என்றாய். கூரை முகட்டில் நான் பார்த்தது வியாழன் என்று வைத்துக்கொண்டால், ஊர்க் கணக்குக்கு நேரம் ஆறு பதினொன்று வருகிறது. அப்படியானால் ஆறு இருபது காட்டியது ரயில்வே கடிகாரம். லக்கினம் மிதுனம். பெண்ணுக்கு ஆயுசு. எல்லாம் சரியாகப் பொருந்திவிட்டது. ஒன்றுதான் பாக்கி. வியாழன் ஒரு புள்ளி. நான் பார்த்தது தட்டு.

சென்னீர்குப்பத்துக்காரரும் ஜோசியரும் மறுபடி வந்தார்கள். நீ காகிதங்களை விரித்து அடிவானம், உயரம், கோணம் எல்லாவற்றையும் பொறுமையாக விளக்கினாய். முடிவில், "ஆறு பதினொண்ணு. ரெண்டு நிமிஷம் முன்ன பின்ன இருக்கலாம்" என்றாய். உங்கள் வான சாஸ்திரத்தில் ஒவ்வொரு விடைக்குப் பக்கத்திலும் அது எவ்வளவு தப்பாக இருக்கக்கூடும் என்பதையும் எழுதி வைக்கிறீர்கள். நல்ல வழக்கம்தான். கல்யாணம் பேசுகிற இடத்தில் வேண்டாம் என்பது என் இரண்டாவது அறிவுரை. ஜோசியர் நாற்பது வருஷத் தொழிலில் முன்ன பின்ன என்ற வார்த்தையைச் சொன்னதே இல்லையாம். இருந்தாலும் பெண்ணின் தகப்பனார் உன் பக்கம்தான் இருந்தார். "ரெண்டு நிமிசந்தானே, வுடுங்க ஜோசியரே. மிதுனத்துக்குள்ளதானே வருது" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "ஆனா நீங்க நெலான்னு சொன்னீங்களே அண்ணாத்தே. நட்சத்திரமாட்டம் கீறது எப்பிடி நெலாவாட்டம் தெரியும்?"

நீ எனக்கு முந்திப் பதில் சொன்னாய். ரொம்ப மெதுவாக, தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாய். "கண்ணுல தண்ணி இருந்தா சின்ன வெளிச்சங்கூடப் பெரிசாத் தெரியும். நைனா அப்ப அழுதுகினு இருந்திருப்பாரு."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். உன் அம்மா சமையலறைக் கதவருகே வந்து நின்றாள். அவளுக்கு இருபத்தைந்து வருஷமாகத் தெரியாத ஒன்றை அப்போது நான் ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. ஒரு தலையசைப்புப் போதும். மிதுனமும் வெற்றிலை பாக்கும் உன் கல்யாணமும் அந்தத் தலையசைப்புக்காகக் காத்துக்கொண்டிருந்தன. நான் நிமிர்ந்து உட்கார்ந்து, "நான் எதுக்கு அழறேன்? ரயில்வேயில இருந்தவன். அது நிலாதான்" என்றேன். வானத்திலேயே இல்லாத நிலாவுக்காக நான் வாதாடினேன். நீ காகிதங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாய். ஜோசியர், தகப்பனும் பிள்ளையும் இரண்டு வானம் பார்த்திருக்கிறார்கள், நாம் எதை நம்புவது என்றார். அவர் சொன்னதில் எனக்குப் பிழை தெரியவில்லை.

அன்று என்னை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. உன் அம்மா வழக்கம்போலச் சாப்பாடு போட்டாள். அதற்கு ஓரிரு நாள் கழித்துச் சாயங்காலம் கிணற்றடியில் கால் கழுவும்போது, ஸ்டேஷன் பக்கம் சிக்னல் விளக்கு ஏற்றியிருந்தார்கள். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, இரண்டு கண்ணிலும் ஒரு கை தண்ணீரை அடித்துக்கொண்டு விளக்கைப் பார்த்தேன். சாதாரணமாக ஒரு சுண்டைக்காய் அளவு தெரிகிற விளக்கு, தாம்பாளம் அளவுக்கு விரிந்து, ஓரமெல்லாம் மினுங்கிக்கொண்டு நின்றது. கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன், சுண்டைக்காய். மறுபடி தண்ணீர் அடித்தேன், தாம்பாளம். நான் செய்த ஒரே வானாராய்ச்சி இதுதான். உன் பங்குக்கு நீ கோணமானி, வானப் பஞ்சாங்கம் எல்லாம் பயன்படுத்தினாய். எனக்கு ஒரு வாளி போதுமாக இருந்தது.

விடிந்ததும் உன்னிடம் சொல்லாமல் சென்னீர்குப்பம் போனேன். அவர் மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கொண்டிருந்தார். வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு போனதால் உட்காரச் சொல்வதற்கு முன்பே சொல்லிவிட்டேன். "நான் அன்னிக்கு அழுதேன். அது வியாழன்தான்."

அவர் வாளியைக் கீழே வைத்தார். "இதுல இன்னா வெக்கம் அண்ணாத்தே? என் ஊட்டுக்காரிக்கு இவ பொறந்தப்ப நான் தெருவுல உக்காந்து ஒப்பாரியே வச்சேன். அன்னிக்கே சொல்லி கீறக்கூடாதா?" என்றார். கொஞ்ச நேரம் மாட்டின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார். "நேத்துதான் வேப்பம்பட்டுக்காரங்களோட வெத்தல பாக்கு மாத்தினோம். அவங்க ஊட்ல கடியாரமே கெடையாதாம். கோழி கூவினதுக்கு அப்பால பொறந்தான்னு எழுதி கீது. ஜோசியரு தெளிவா கீதுன்னு சொல்லிட்டாரு."

உள்ளே ஒரு பாத்திரம் கீழே வைக்கப்படும் சத்தம் கேட்டது. யார் வைத்தது என்று எனக்குத் தெரியாது. நீ ஏதாவது நினைத்துக்கொள்வாய் என்பதால் அதற்கு மேல் எழுதவில்லை.

நான் கிளம்பியபோது அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். அவருக்கு என்மேல் வருத்தம் இல்லை. எனக்கு ஏதாவது மரியாதை செய்ய வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. பின்னால் யாருக்கும் சந்தேகம் வரக்கூடாது என்று முகூர்த்த நேரத்தைக் கல்யாணப் பத்திரிகையிலேயே "ரயில்வே மணிப்படி" என்று அச்சடிக்கப்போவதாகச் சொன்னார். "உங்களவுட மணி தெரிஞ்சவங்க நம்ம பக்கத்துல யாரு கீறாங்க? நீங்கதான் கடியாரத்தோட வந்து பந்தல்ல நின்னு நேரம் சொல்லணும்" என்றார். நான் மறுத்திருக்க வேண்டும். ஒரு மனிதன் ஒரே மாதத்தில் இரண்டு தடவை மாட்டேன் என்று சொல்லி, இரண்டும் தவறான இடமாக இருந்துவிட்டால் என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே, சரி என்று என் வாய் சொல்லிவிட்டது.

உனக்குச் சொல்ல இன்னும் சில அறிவுரைகள் யோசித்து வைத்திருந்தேன். மலைமேல் குளிர் அதிகம் என்கிறார்கள், காதை மூடிக்கொள். மேலதிகாரி கணக்கில் தப்பு செய்தால் முதல் வருஷம் சொல்லாதே. மற்றதெல்லாம் உன் அம்மா முறுக்கு மூட்டையோடு சேர்த்துச் சொல்லிவிடுவாள். நான் அன்று அழுதேனா என்று அவள் இதுவரை என்னைக் கேட்கவில்லை. இந்தப் பத்திரிகை வந்ததும் யாராவது அவளுக்குப் படித்துக் காட்டுவார்கள். அப்போது என்ன ஆகும் என்பதும் என் கையில் இல்லை.

நாளை மறுநாள் காலை எட்டு மணிக்கு முகூர்த்தம். மேளக்காரர்கள் என் கையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள், நான் கையைத் தூக்கியதும் கொட்ட வேண்டும் என்று ஏற்பாடு. உன் வண்டி நேரத்துக்குப் போனால் அந்நேரம் திண்டுக்கல்லை விட்டுக் கிளம்பிக்கொண்டிருக்கும். எத்தனையோ வண்டிகளுக்குக் கொடி காட்டிப் பழகிய கை இது. நேரமானால் தானாகவே தூக்கிவிடும்.

உன் நைனா